வெடித்த தகரமும் விடாத மனிதரும்

(ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரே – வாழ்க்கை வரலாறு)

இந்த முறை விஞ்ஞானி பக்கத்துக்கு ஒரு வேதியியல் வாத்தியாரைப் பற்றி எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பெரிய கட்டுரைதான். இன்டர்வல்ல பாதி, சாப்பாட்டு மணியில மீதின்னு வாசிச்சாலும் சரி, முழுசா வாசிச்சிருங்க.

முன்னுரை

தீ என்றால் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் இருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோ பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சிவகாசி. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நம்ம தெருக்களிலேயே இருக்கிறார்கள். தீயால் சோறு தின்கிறோம், தீயால் ஆட்களையும் இழந்திருக்கிறோம். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம் அன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடிப்போனவர்களும் அதில் உண்டு.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்று வந்ததும், தீ வருகிற சோதனை எதையாவது செய்யலாமா என்று கேட்டால் ரெண்டு கட்சி பிரியுது. ஒரு கட்சி, தீயே வேண்டாம், எரிமலைக்குப் பதிலா சோப்பு நுரை போதும் என்று சொல்லும். இன்னொரு கட்சி, பயந்தாங்கொள்ளிங்களா, நாங்க செய்யிறோம் பாருன்னு முன்னாடி வரும். ரெண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கு. அந்தப் பாதையில் ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட நடந்து காட்டியவர்தான் பிரபுல்ல சந்திர ரே. ஆனால் அவரும் முதலில் ஒரு வெடியில்தான் தொடங்கினார்.

பிறப்பும் இளமையும்

1861 ஆகஸ்டு 2-ந் தேதி, அதாவது நம்ம ஊரில் ஆண்டாளுக்குத் தேர் ஓடுகிற ஆடி மாதத்தில், வங்காளத்தில் ராருலி என்ற கிராமத்தில் ரே பிறந்தார். அப்போது அது ஜெஸ்ஸோர் மாவட்டம். பிறகு குல்னா மாவட்டம் ஆனது. இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. அப்பா பெயர் ஹரிஷ் சந்திர ரே, அம்மா பெயர் புவன்மோகினி தேவி. அப்பா படிப்பில் ஆர்வம் உள்ளவர். வீட்டில் நிறைய புத்தகம் வைத்திருந்தார்.

பிள்ளைகள் நல்லா படிக்கணும் என்று குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. ரே ஹேர் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் 1874-ல் கடுமையான சீதபேதி வந்து படிப்பே நின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்து ரெண்டு வருஷம் வீட்டிலேயே இருந்தார். வேற யாரா இருந்தாலும் நம்ம படிப்பு அவ்வளவுதான்னு உட்கார்ந்திருப்பாங்க. அவர் அப்பாவின் புத்தகங்களை ஒன்று விடாமல் வாசித்தார். வகுப்பில் கிடைக்காத அறிவு அந்த ரெண்டு வருஷத்தில் கிடைத்தது. வயிற்றுக் கோளாறு மட்டும் சாகிறவரை அவரை விடவில்லை. அளவா சாப்பிட்டு, நேரத்துக்கு நடந்து, ஒழுங்கா தூங்கி அதோடேயே வாழக் கற்றுக்கொண்டார்.

1876-ல் மறுபடி கல்கத்தா போய் ஆல்பர்ட் பள்ளியில் சேர்ந்தார். 1879-ல் நுழைவுத் தேர்வில் தேறி, ஈஸ்வர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சம்பளம் குறைவு. அப்பாவுக்கு அப்போது கடன் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆனால் அங்கே வேதியியல் சொல்லித்தர வசதி இல்லை. அதனால் வேதியியல் பாடத்துக்கு மட்டும் பிரசிடென்சி கல்லூரிக்குப் போய் வெளி மாணவராக உட்கார்ந்து கேட்டார்.

வெடித்த தகரம்

பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் நடத்தியவர் அலெக்சாண்டர் பெட்லர் என்ற ஆங்கிலேயர். சும்மா வாசித்துவிட்டுப் போகிறவர் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் மாணவர்கள் முன்னால் சோதனை செய்து காட்டுவார். வாயு பற்றி எரிவதையும் நிறம் மாறுவதையும் கண்ணால் பார்த்த ரேவுக்கு வேதியியல் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. அதுவரை இலக்கியமும் வரலாறும்தான் அவருக்கு உயிர். பெட்லரின் மேஜைதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது.

பார்த்தது போதவில்லை. தானும் செய்து பார்க்கணும். கூடப் படித்த ஒரு நண்பர் தங்கியிருந்த அறையிலேயே ரெண்டு பேரும் சேர்ந்து சின்ன ஆய்வகம் ஒன்று வைத்தார்கள். வகுப்பில் பெட்லர் செய்ததை இங்கே செய்து பார்ப்பார்கள்.

ஒரு நாள் ஆக்சி-ஹைட்ரஜன் ஊதுகுழல் செய்யலாம் என்று ஆசை வந்தது. அது என்ன என்று சொல்கிறேன். ஹைட்ரஜன் எரியும் வாயு. ஆக்சிஜன் எரிய உதவும் வாயு. ரெண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து, தனித்தனிக் குழாய் வழியாகக் கொண்டுவந்து, முனையில் மட்டும் சந்திக்க வைத்துப் பற்றவைத்தால் ஒரு மெல்லிய தீ நாக்கு வரும். பார்க்க மங்கலாக இருக்கும். ஆனால் சூடு ஏறக்குறைய 2800 டிகிரி செல்சியஸ். பிளாட்டினமே உருகிவிடும். சுண்ணாம்புக் கட்டியில் அந்தத் தீயைக் காட்டினால் கண் கூசும் வெள்ளை வெளிச்சம் வரும். கரண்ட் விளக்கு வருவதற்கு முன்னால் வெளிநாட்டு நாடகக் கொட்டகைகளில் அந்த வெளிச்சத்தைத்தான் நடிகர்கள் மேல் அடித்தார்கள்.

நல்ல கருவி வாங்கக் காசு இல்லை. அதனால் ஒரு தகர வேலைக்காரரைப் பிடித்து, மெல்லிய தகரத்தில் அவர்களே ஒன்று செய்துகொண்டார்கள். தகரத்தின் பற்றவைப்பு சரியில்லை. வாயு கசிந்தது. பற்றவைத்ததும் டமார்னு பயங்கரமா வெடிச்சிருச்சு. நல்ல நேரம், ரெண்டு பேருக்கும் அடி படவில்லை.

ஏன் வெடித்தது? இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம், கவனமா வாசிங்க. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குழாய் முனையில் சந்தித்தால், வரவர எரிந்து தீரும். ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் எரியும். அதே ரெண்டும் பாத்திரத்துக்கு உள்ளேயே கலந்துவிட்டால், எல்லாம் ஒரே கணத்தில் எரியும். சூட்டில் வாயு விரியும், விரிய இடம் இல்லாமல் தகரத்தைக் கிழிக்கும். வெளியே சந்தித்தால் விளக்கு, உள்ளே சந்தித்தால் வெடி. ஒரு ஓட்டையோ ஒரு கசிவோ போதும், விளக்கு வெடியாக மாறிவிடும்.

நம்ம பாடத்தில் சோதனைக்குழாய் வாயில் எரியும் குச்சியைக் காட்டினால் ஹைட்ரஜன் பாப் என்ற ஒலியோடு எரியும் என்று இருக்கிறதல்லவா? அதுவும் இதே வெடிதான். குட்டி வெடி. குழாய் சின்னது, வாய் திறந்திருக்கு, வாயு கொஞ்சம். அதனால் சத்தத்தோடு முடிந்துவிடுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் அது பற்றிக்கொள்ளும். ஆகவே கொஞ்சமாத்தானே கசிஞ்சிருக்குன்னு யாரும் அசட்டையா இருக்க முடியாது.

அந்த வெடிக்குப் பிறகு ரே வேதியியலை விட்டு ஓடவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடித்தார். தகரத்தில்தான் தப்பு, வேதியியலில் தப்பில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டதால்தான் நமக்கு ஒரு விஞ்ஞானி கிடைத்தார்.

கடல் கடந்து படிப்பு

கில்கிறைஸ்ட் உதவித்தொகை என்று ஒரு போட்டித் தேர்வு இருந்தது. நாலு மொழி தெரிந்திருக்கணும். வீட்டில் பெரிதாக யாருக்கும் சொல்லாமலே அதற்குத் தயார் செய்தார் ரே. 1882-ல் அந்தத் தேர்வில் இந்தியாவில் இருந்து ரெண்டே பேர் தேறினார்கள். ஒருவர் பம்பாய்க்காரர், இன்னொருவர் ரே.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கிரம் பிரவுன் என்ற பேராசிரியரிடம் வேதியியல் படித்தார். 1885-ல் பி.எஸ்சி., 1887-ல் டி.எஸ்சி. பட்டம். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை அல்லது இப்போதுதான் நிரம்பியிருக்கும். படிப்புக்கு நடுவிலேயே, ஆங்கிலேய ஆட்சியில் இந்தியா படும் பாட்டைப் பற்றித் துணிச்சலாக ஒரு கட்டுரையும் எழுதினார்.

1888-ல் நாடு திரும்பினார். இவ்வளவு பெரிய பட்டம் வாங்கி வந்தும் ஒரு வருஷம் வேலை கிடைக்கவில்லை. மேல் தர வேலைகளை வெள்ளைக்காரர்களுக்கே கொடுத்த காலம் அது. அந்த வருஷம் நண்பர் ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். செடிகளுக்கும் உணர்வு உண்டு என்று ஆராய்ந்தாரே, அந்த போஸ்தான். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் மாசம் 250 ரூபாய் சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாணவராக உட்கார்ந்து பெட்லரின் சோதனைகளைப் பார்த்த அதே கல்லூரி. இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

மேஜைக்கு அந்தப் பக்கம்

பார்க்கிறவர்களுக்குச் சோதனை ஒரு நிமிஷம். செய்கிறவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. ரே இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். டி.எஸ்சி. படித்தவர்தானே, எனக்குத் தெரியாததா என்று நேராக வகுப்பில் போய் நிற்கவில்லை. சொல்ல வேண்டியதைக் குறிப்பு எழுதிக்கொள்வார். காட்ட வேண்டிய சோதனைகளை முன்கூட்டியே செய்து பார்த்துக்கொள்வார். இதில் அவருக்குக் கைகொடுத்தவர் சந்திரபூஷண் பாதுரி என்ற செய்முறை ஆசிரியர். கருவிகளை அடுக்குவதிலும் சோதனையைச் சுத்தமாகச் செய்து காட்டுவதிலும் பாதுரி கெட்டிக்காரர். அவருக்குச் சேர வேண்டிய பெருமையை ரே மறைக்காமல் தன் வரலாற்றில் எழுதி வைத்தார்.

நாடகம் போடுகிறவர்களுக்கு ஒத்திகை எவ்வளவு முக்கியமோ, தீ காட்டுகிறவர்களுக்கு அதைவிட அதிகம். நாடகத்தில் வசனம் மறந்தால் சிரிப்பு வரும். இங்கே மறந்தால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். பெரிய வகுப்புகளை விடச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவதைத்தான் ரே விரும்பினார். பச்சை மண்ணாக இருக்கும்போதே பானையை வனையணும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் ஆங்கிலத்தோடு தன் தாய்மொழியான வங்காளியையும் கலந்து, கதை சொல்லுகிற மாதிரி நடத்துவார். தமிழ் மீடியத்தில் படிக்கிற நாம இதைக் கவனிக்கணும்.

எலும்புச் சாம்பல்

ரே வகுப்பில் செய்த ஒரு காரியம் வங்காளம் முழுக்கப் பேசப்பட்டது. எலும்பை நன்றாக எரித்தால் அதில் உள்ள சதைப்பொருள் எல்லாம் எரிந்துபோய், வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். அது கால்சியம் பாஸ்பேட். அந்தச் சாம்பலை எடுத்து வகுப்பில் காட்டி, இது இப்போது மாட்டு எலும்பும் இல்லை, எந்த எலும்பும் இல்லை, வெறும் வேதிப்பொருள் என்று விளக்குவார். விளக்கிவிட்டு ஒரு சிட்டிகையை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொள்வார். மேல்சாதி ஆசாரம் கெட்டியாக இருந்த காலம் அது. மாணவர்கள் திகைத்துப் போவார்கள்.

தீ ஒரு பொருளை அடியோடு வேறு பொருளாக மாற்றிவிடும் என்பதை இதைவிட நன்றாக எப்படிச் சொல்ல முடியும்? தீட்டு என்று தள்ளியது நெருப்பில் போய் மருந்தாக வருகிறது. இதை வாசிக்கும்போது தீண்டாமை பற்றியும் யோசிக்கத் தோணுது. ஒரு சிட்டிகைச் சாம்பலால் அவர் ரெண்டு பாடம் நடத்திவிட்டார்.

ஆனால் ஒன்று. இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். அவர் அந்தச் சாம்பலைத் தானே தயாரித்து, அதில் என்ன இருக்கிறது என்று அணு அணுவாகத் தெரிந்தவர். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதுதான் இன்றைய சட்டம். விஷம் எவ்வளவு சீக்கிரம் கொல்லும் என்பதற்கு ரேவின் வாழ்க்கையிலேயே ஒரு துக்கமான சம்பவம் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

எழுநூறு ரூபாயில் ஒரு கம்பெனி

படித்த பிள்ளைகள் எல்லாரும் குமாஸ்தா வேலைக்கே அலைகிறார்களே, நம்ம நாட்டிலேயே மருந்து செய்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று ரே யோசித்தார். 1892-ல் கையில் இருந்த 700 ரூபாயைப் போட்டு, வாடகை வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். அதுதான் பெங்கால் கெமிக்கல்.

பாஸ்பேட் உப்பு செய்ய எலும்பு வேண்டும். கசாப்புக் கடைகளில் எலும்பு வாங்கி வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்டார். மழை பெய்து எலும்பு நாறிப்போச்சு. காக்காய்க் கூட்டம் வந்து எலும்பைத் தூக்கிக்கொண்டு போய் அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டது. தெருவே சண்டைக்கு வந்தது. சரி என்று ஊருக்கு ஒதுக்குப்புறமாக எடுத்துப்போய் இரவில் எரித்தார்கள். யாரையோ கொன்று எரிக்கிறார்கள் என்று போலீஸ் வந்துவிட்டது! எலும்பைக் காட்டி நம்ப வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருக்கும்.

சிரிப்பு மட்டும் இல்லை, அழுகையும் இருந்தது. சதீஷ் சந்திர சின்ஹா என்ற இளம் வேதியியல் பட்டதாரி ரேவோடு வேலைக்குச் சேர்ந்தார். நல்ல உழைப்பாளி. ஆய்வகத்தில் தற்செயலாக ஹைட்ரோசயனிக் அமில விஷம் தாக்கி இறந்துபோனார். 1898-ல் கூட்டாளியான டாக்டர் அமூல்ய சரண் போஸ் பிளேக் நோயில் இறந்தார். ரெண்டு இழப்புக்குப் பிறகும் கம்பெனியை ரே மூடவில்லை. 1901-ல் அது 2 லட்சம் ரூபாய் முதலீட்டில் லிமிடெட் கம்பெனி ஆனது. 1980-ல் அரசுடைமை ஆனது.

நம்ம சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. நம்ம ஊர்ப் பொருள் ஒன்று எங்கேயோ ஒருத்தர் காயத்தைக் கட்டுகிறது என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தப் பெருமையை நாட்டுக்கே வாங்கித்தர ஆசைப்பட்டவர் ரே.

மஞ்சள் படிகம்

1896-ல் பாதரசத்தையும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும் வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் வந்தன. வேறு யாராவது அழுக்கு என்று கொட்டியிருப்பார்கள். ரே ஆராய்ந்தார். அது மெர்குரஸ் நைட்ரைட் என்ற புதிய சேர்மம். உலகம் முழுக்க அவர் பெயர் பரவியது.

பிறகு அம்மோனியம் நைட்ரைட் என்ற பொருளை ஆராய்ந்தார். சூடு பட்டால் சட்டென்று சிதைந்து வெடிக்கக்கூடியது. அதை வெற்றிடத்தில் வைத்து, மெதுவாகச் சூடாக்கி, சிதையாமல் ஆவியாக்கிக் காட்டினார். 1912-ல் லண்டனில் இதைப் பற்றி அவர் பேசியபோது வில்லியம் ராம்சே போன்ற பெரிய விஞ்ஞானிகள் பாராட்டினார்கள். பாருங்களேன், மாணவனாக இருந்தபோது தகரம் வெடித்த அதே கை, முப்பது வருஷத்தில் வெடிக்கிற பொருளையே வெடிக்காமல் அடக்கப் பழகிவிட்டது. அவசரப்படாத கை அது.

நம்ம நாட்டில் பழங்காலத்தில் வேதியியல் எப்படி இருந்தது என்று ஓலைச்சுவடிகளைத் தேடி ரெண்டு பாகமாகப் பெரிய வரலாறும் எழுதினார். முதல் பாகம் 1902-ல் வந்தது.

பிற்கால வாழ்க்கை

1916-ல் பிரசிடென்சி கல்லூரியில் ஓய்வு பெற்று, கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியிலேயே ஒரு அறை, ஒரு கட்டில், புத்தகங்கள், கதர் வேட்டி, இதுதான் அவர் சொத்து. 1921-ல் 60 வயது ஆனதும் தன் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1922-ல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது நிவாரணக் குழுவை நடத்தி, மாணவர்களைத் திரட்டி அரிசியும் துணியும் கொண்டு சேர்த்தார். 1924-ல் இந்திய வேதியியல் கழகத்தைத் தொடங்கினார். மேகநாத் சாகா, சத்யேந்திர நாத் போஸ் போன்ற பெரிய விஞ்ஞானிகள் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தான்.

1936-ல், நம்ம ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பஞ்சாலை தொடங்கிய அதே வருஷத்தில், 75 வயதில் ஓய்வு பெற்றார். 1944 ஜூன் 16-ந் தேதி அந்தக் கல்லூரி அறையிலேயே, மாணவர்கள் சுற்றி இருக்க, 82 வயதில் காலமானார்.

உங்களுக்குத் தெரியுமா?

* ரே பிறந்த 1861-ம் வருஷத்தில்தான் மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்காக நடத்திய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகள் புத்தகமாக வந்தன. ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து ஆறு சொற்பொழிவு நடத்தினார். தீ பெரிசா இருக்கணும்னு அவசியமே இல்லை.

* ஃபாரடேயின் குருநாதர் ஹம்ப்ரி டேவிக்கு 1812-ல் ஆய்வகத்தில் ஒரு பொருள் வெடித்துக் கண்ணில் காயம் பட்டது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் சோதனை செய்யக் கூடாது என்பதற்கு இது போதும்.

* ரேவின் நண்பர் ஜகதீஷ் சந்திர போஸ் 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், பெரிய கூட்டத்தின் முன்னால், கம்பியே இல்லாமல் மின் அலையை அனுப்பிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்த வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டினார். கூட்டம் ஒரு பக்கம், வெடிமருந்து வேறு அறையில்! எவ்வளவு பாதுகாப்பா யோசிச்சிருக்கார் பாருங்க.

* சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள 1920-களில் போனது ரே வாழ்ந்த அதே கல்கத்தாவுக்குத்தான்.

மேடையில் தீ காட்டும்போது

ரேவின் வாழ்க்கையில் இருந்தும் நம்ம அறிவியல் பாடத்தில் இருந்தும் எடுத்துத் தொகுத்தவை. கண்காட்சி வைக்கிறவர்கள் இதை எழுதி எடுத்துக்கொள்ளலாம்.

1. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தீப்பெட்டியைத் தொடக் கூடாது. வீட்டில் தனியாகச் செய்து பார்க்கவும் கூடாது.

2. கூட்டம் வருவதற்கு முன்னால் ஒத்திகை வேண்டும். ஒரு தரம் சரியா வந்துச்சுன்னு நிறுத்தாமல், மூணு தரமாவது வரணும். எந்தப் பொருள் எங்கே இருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியணும்.

3. குழாய், மூடி, தக்கை எதிலும் கசிவு இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி வரும், தெரிந்துவிடும். இதைப் பற்றவைப்பதற்கு முன்னால் பார்க்கணும். தகர டப்பா, அடைத்த பாட்டில் இதில் எல்லாம் எரிவாயு பிடிக்கவே கூடாது.

4. அளவு குறைவாக இருக்கணும். சத்தம் பத்தாதுன்னு கூட்டம் கத்தினால், இன்னொரு தரம் அதே அளவில் செய்து காட்டுங்கள். அளவைக் கூட்டாதீர்கள்.

5. ஸ்பிரிட் பாட்டிலை மேஜையில் வைக்கக் கூடாது. தேவையான அளவு ஊற்றி மூடி, தூரமாக வைத்த பிறகுதான் பற்றவைக்கணும். எரிகிற விளக்கில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. அமெரிக்காவில் பல வண்ணத் தீ காட்டுகிறேன் என்று பாட்டிலில் இருந்து மெத்தனாலை ஊற்றி, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தீக்காயம் பட்டது பலமுறை நடந்திருக்கிறது. அதே வண்ணங்களைக் காட்ட, உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைத் தீயில் காட்டினாலே போதும். சாப்பாட்டு உப்பு மஞ்சள், தாமிர உப்பு பச்சை. நம்ம மத்தாப்பில் வருகிற நிறங்களும் இப்படி வருவதுதான்.

6. முதல் வரிசை பத்தடியாவது தள்ளி உட்காரணும். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு ஆள் நிறுத்தணும். சின்னப் பிள்ளைகள் பின்னால் வந்து மேஜைக்குள் எட்டிப் பார்ப்பார்கள், பின்பக்கத்துக்கும் ஒரு ஆள் வேணும்.

7. தாவணி, துப்பட்டா முனையை இறுக்கிக் குத்திக்கொள்ளணும். நைலக்ஸ் துணி வேண்டாம், பருத்தி நல்லது. ரெட்டைச் சடையை மடித்துக் கட்டணும். தொங்குகிற ரிப்பன், பூ எதுவும் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

8. ஃபேனை நிறுத்தணும். ஜன்னல் திரை, காகிதத் தோரணம், சார்ட் எல்லாம் மேஜையில் இருந்து தள்ளி இருக்கணும்.

9. ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு. இந்த மூணும் மேஜைக்குக் கீழே இல்லாமல் பக்கத்தில் இருக்கணும். யார் எதை எடுக்கணும் என்று முன்னாடியே பேர் சொல்லி வைக்கணும். எரிகிற ஸ்பிரிட் மேல் தண்ணீர் ஊற்றாமல், ஈரச் சாக்கால் மூடி அணைக்கணும். கதவு திறந்தே இருக்கணும்.

10. சோதனை முடிந்ததும் கை தட்டல் கேட்டு மயங்கி நிற்காமல், தீ முழுசா அணைந்துவிட்டதா, சூடான குழாயை யாராவது தொடுகிறார்களா என்று பார்க்கணும். நிறைய காயம் கடைசியில்தான் படுகிறது.

முடிவுரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய அடுப்பு, தக தகன்னு தீ, கொதிக்கிற பால். அவர்கள் தீயைக் கண்டு பயப்படுவதும் இல்லை, தீயோடு விளையாடுவதும் இல்லை. எப்போது விறகை இழுக்கணும், எப்போது தள்ளணும் என்று அவர்களுக்குத் தெரியும். ரேவும் அப்படித்தான். பயம் இருந்தது, அந்தப் பயத்தை அறிவாக மாற்றிக்கொண்டார்.

நம்மில் நிறைய பேர் ஹைட்ரஜன் பாப் என்று எரியும் என்பதை மனப்பாடம் செய்து, அந்தச் சத்தத்தை ஒரு தரம்கூடக் கேட்காமலே பரீட்சை எழுதி முடிக்கிறோம். அது பாதுகாப்பு இல்லை, தெரியாமை. தெரியாதவர்கள்தான் நாளைக்கு ஒரு ஆலையில் வேலைக்குப் போனால் எந்த மருந்தை எதோடு கலக்கக் கூடாது என்று கேட்கத் தெரியாமல் நிற்பார்கள். தீயைப் பற்றிச் சரியாகப் படித்த ஒரு பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கே அது காவல். அதனால் கண்காட்சியில் தீ வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பத்து விதியையும் வைத்துக்கொண்டு, ஆசிரியரோடு சேர்ந்து, சின்னதா ஒரு தீ காட்டுங்கள். அதுதான் அந்த ஆச்சார்யாவுக்கு நாம செய்கிற மரியாதை.

கேள்வி நேரம்

1. ஆக்சி-ஹைட்ரஜன் தீ எரிந்து முடிந்ததும் உண்டாகும் பொருள் என்ன? (குறிப்பு: இதே பொருளை ஊற்றித்தான் தீயை அணைக்கிறோம்!)

2. ரேவின் தகரக் கருவி வெடித்ததற்குக் காரணம் என்ன?

3. எலும்புச் சாம்பலின் வேதிப்பெயர் என்ன?

விடைகளைத் தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் டீச்சரிடம் கொடுக்கவும். சரியான விடை எழுதியவர்கள் பெயர் அடுத்த சுவரிதழில் வரும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி